கியாஸ் கணப்பு வைக்கப் போகிறீர்களா? முதலில் புகைபோக்கி, அப்புறம்தான் நெருப்பு!

ஒரே அறையில் 8 பேர். இரண்டு தம்பதிகள். நான்கு குழந்தைகள். ராத்திரி படுத்தார்கள். காலையில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

இந்தப் பரிதாப சம்பவம் நடந்தது நேபாளத்தில். 2020-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி. செத்தவர்கள் அத்தனை பேரும் பக்கத்து மாநிலமான கேரளாவில் இருந்து சுற்றுலா போனவர்கள். அவர்கள் தங்கிய ஊருக்குப் பெயர் டாமன். மலை ஊர். எலும்பைக் குடையும் குளிர். அறைக்குள் கியாஸ் ஹீட்டரை மூட்டினார்கள். கதவையும் ஜன்னலையும் உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டார்கள். தூங்கிப் போனார்கள்.

விடிந்ததும் மயங்கிக் கிடந்தவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காட்மாண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பலன் இல்லை.

தீப்பிடிக்கவில்லை. சிலிண்டர் வெடிக்கவில்லை. திருடன் புகவில்லை. அப்படியானால் 8 உயிரையும் கொண்டுபோனது எது?

மூடிய ஜன்னல்! அதுதான் பதில்.

எங்கேயோ நேபாளமா?

"அது எங்கேயோ இமயமலைப் பக்கம் நடந்தது. கோயமுத்தூர்க்காரனுக்கு என்ன வந்தது?" என்று கேட்கலாம்.

கணக்கைப் பாருங்கள். டாமன் ஊரின் உயரம் சுமார் 2,320 மீட்டர். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 100 மீட்டர்கூட இல்லை. அங்கே அடிக்கிற குளிரில் பாதியாவது டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கேயும் அடிக்கிறது. உறைபனி விழுந்து புல்தரை வெள்ளையாகக் கிடக்கும் காலை நேரங்கள் ஊட்டிக்குப் புதிது அல்ல.

கொடைக்கானலில் 2024 ஆகஸ்டு மாதம் என்ன நடந்தது? சுற்றுலா வந்தவர்கள் கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். இரண்டு பேர் பிணமானார்கள். அங்கே எரிந்தது கரி. நேபாளத்தில் எரிந்தது கியாஸ். இரண்டிலும் வந்த விஷம் ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்களில் கணப்பு உண்டு. சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பு. மேலே கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி. விறகை அடுக்கித் தீ மூட்டினால் அறை கதகதக்கும். புகை மேலே போய்விடும். இப்போது விறகுக்குப் பதில் கியாஸ் வருகிறது. சில இடங்களில் பழைய கணப்புக்குள்ளேயே கியாஸ் அடுப்பைப் பொருத்தி, மேலே சுட்ட மண்ணில் செய்த பொய்க் கட்டைகளை அடுக்குகிறார்கள். பார்ப்பதற்கு விறகு எரிவதுபோல் இருக்கும். இன்னும் சில இடங்களில் சக்கரம் வைத்த கியாஸ் ஹீட்டரை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

வசதிதான். சாம்பல் அள்ள வேண்டாம். ஊத வேண்டாம். குமிழைத் திருகினால் நெருப்பு.

ஆனால் எரிந்த காற்று போக வழி வைத்தார்களா? அங்கேதான் கோளாறு.

மூக்கை நம்பாதே

"கியாஸ் வாடையே வரலீங்களே! அப்புறம் என்னங்க பயம்?" என்று கேட்பவர்கள் அநேகம்.

சமையல் கியாசுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் ஆளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நாற்றம் பிடித்த ஒரு மருந்தைக் கம்பெனியில் கலக்கிறார்கள். கசிந்தால் நாறும். மூக்கு எச்சரிக்கும்.

கியாஸ் எரிந்துவிட்டால்? அந்த மருந்தும் சேர்ந்து எரிந்துபோகும். அதற்குப் பிறகு வருகிற விஷத்துக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சல் இல்லை, இருமல் இல்லை. அதற்குப் பெயர் கார்பன் மோனாக்சைடு.

நெருப்புக்குப் போதுமான காற்று கிடைத்தால் கியாஸ் ஒழுங்காக எரிந்து, கரியமில வாயுவும் நீராவியும் ஆகிறது. காற்று பற்றாமல் போனால் அரைகுறையாக எரிகிறது. அந்த அரைகுறைதான் கார்பன் மோனாக்சைடு.

அது மூச்சோடு உள்ளே போனதும் ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமக்கும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு இந்த விஷம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பஸ்சில் சீட்டு போட்டவன் எழுந்திருக்க மறுத்தால் மற்றவன் நிற்க வேண்டியதுதான். ஆள் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் மூளைக்குப் பிராண வாயு போகாது.

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், வாந்தி, கைகால் தளர்ச்சி. விழித்திருப்பவனுக்கு இதெல்லாம் தெரியும். தூங்குகிறவனுக்குத் தெரியாது. மயக்கம் தூக்கத்தோடு தூக்கமாகக் கலந்துவிடும்.

காற்றில் 10 லட்சத்துக்கு 400 பங்கு இந்த விஷம் கலந்திருந்தால் ஓரிரு மணி நேரத்தில் தலை வலிக்கும். 3 மணி நேரத்துக்கு மேல் உயிருக்கே ஆபத்து. 1,600 பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் தலை சுற்றும்; ஒரு மணி நேரத்தில் சாவு. இது டாக்டர்களும் என்ஜினீயர்களும் பல காலமாக வைத்திருக்கும் கணக்கு.

அறைக்குள் எவ்வளவு காற்று?

ஒரு கிலோ சமையல் கியாஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்று வேண்டும். மூன்று தட்டும் எரியும் சாதாரண கியாஸ் ஹீட்டர் மணிக்குக் கிட்டத்தட்ட 300 கிராம் கியாஸ் குடிக்கும். அப்படியானால் மணிக்குச் சுமார் 4 கன மீட்டர் காற்று அதற்கே போய்விடும்.

12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள லாட்ஜ் அறையில் இருப்பது வெறும் 30 கன மீட்டர் காற்று. அதில்தான் ஹீட்டரும் மூச்சு விட வேண்டும். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகளும் மூச்சு விட வேண்டும்.

காற்றில் பிராண வாயு 21 சதவீதம். அது 18 சதவீதத்துக்கு இறங்கினாலே ஹீட்டரின் நெருப்பு தடுமாற ஆரம்பிக்கும். சந்து பொந்து எல்லாம் அடைத்த அறையில் அந்த நிலை வர ஒரு மணி நேரம் போதும்.

மலை ஊரில் இன்னும் மோசம். ஊட்டி உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் பிராண வாயு குறைவு. கோவையில் வாங்கி, கோவைக் காற்றுக்குத் தக்கபடி துளை வைத்த ஹீட்டரை அப்படியே மலைக்கு ஏற்றினால் கியாஸ் அதிகம், காற்று குறைவு என்று ஆகிவிடும். அமெரிக்காவில் 2,000 அடிக்கு மேல் உள்ள ஊர்களில், உயரம் 1,000 அடி கூடுகிற ஒவ்வொரு தடவையும் ஹீட்டரின் கியாஸ் அளவை 4 சதவீதம் குறைக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். ஊட்டி 7,300 அடிக்கு மேல். இங்கே எத்தனை பேர் ஹீட்டரை வாங்கும்போது "இது எந்த உயரத்துக்கு?" என்று கேட்கிறார்கள்?

மூன்று ரகம்

கியாஸ் ஹீட்டரில் மூன்று ரகம் உண்டு. வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து போய்விடும்.

முதல் ரகம், புகைபோக்கியே இல்லாதது. சக்கரம் வைத்து உருட்டுவது இதுதான். அறைக் காற்றை எடுக்கும். எரிந்ததை அறைக்குள்ளேயே விடும். நல்ல கம்பெனி சாமானில் பிராண வாயு குறைந்தால் தானாக அணையும் கருவி இருக்கும். இருந்தாலும் படுக்கை அறையில் வைத்துத் தூங்காதே என்று கூட வரும் குறிப்புப் புத்தகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். யார் படிக்கிறார்கள்?

இரண்டாவது ரகம், அறைக் காற்றை எடுத்து, எரிந்த காற்றைப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்புவது. புகைபோக்கி ஒழுங்காக இருந்தால் தொல்லை இல்லை. அடைத்திருந்தால் முதல் ரகத்தைவிட மோசம். ஏனென்றால் "புகைபோக்கிதான் இருக்கிறதே" என்று நம்பி ஜன்னலைச் சாத்திவிடுவார்கள்.

மூன்றாவது ரகத்தில் முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடியிருக்கும். குழாய்க்குள் குழாய். ஒன்று வெளியில் இருந்து காற்று எடுக்கும். மற்றது எரிந்ததை வெளியே தள்ளும். அறைக் காற்றைத் தொடுவதே இல்லை. விலை கூடுதல். ஆனால் ஆள் தூங்கும் அறைக்கு ஏற்றது இதுதான்.

லாட்ஜ் முதலாளி எதை வாங்குவார்? விலை குறைந்ததைத்தான். அதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

பழைய கணப்பில் புது கியாஸ்

பழைய பங்களா கணப்பில் கியாஸ் அடுப்பு வைக்கிறவர்கள் முதலில் புகைபோக்கிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் மூட்டாமல் கிடந்த புகைபோக்கியில் குருவிக் கூடு இருக்கும். தேனடை இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாது என்று எவனோ ஒருவன் மேலே தகரத்தைக் கவிழ்த்து வைத்திருப்பான். கட்டிய காரை பெயர்ந்து, பக்கத்து அறைச் சுவரில் விரிசல் விட்டிருக்கும். கீழ் அறையில் எரியும் கியாசின் விஷம் மேல் அறையில் தூங்குகிறவனைக் கொல்ல அந்த விரிசல் போதும்.

கணப்பின் வாய்க்கு மேலே ஓர் இரும்புத் தகடு இருக்கும். விறகு எரிக்காத நேரத்தில் குளிர்காற்று இறங்காமல் அதை மூடி வைப்பார்கள். கியாஸ் வைத்த பிறகு அந்தத் தகட்டை மூட முடியாதபடி நிரந்தரமாகத் திறந்து பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரூம் பையன் என்றைக்காவது மறதியாகச் சாத்திவிட்டுப் போவான்.

புகைபோக்கியின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. கூரையில் அது வெளிவரும் இடத்தில் இருந்து குறைந்தது 3 அடி மேலே நிற்க வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எந்தக் கூரை முகட்டையும்விட 2 அடி கூடுதலாக இருக்க வேண்டும். பக்கத்தில் புதிதாக ஒரு மாடி எழும்பினால் காற்று மோதித் திரும்பி, புகையைக் கீழே அமுக்கும். நேற்று வரை நன்றாக இழுத்த புகைபோக்கி இன்று திருப்பி ஊதும்.

சுவர் வழியாகக் குழாயை வெளியே விட்டால் அது ஜன்னலுக்குக் கீழே முடியக் கூடாது. சாதாரணப் புகைக்குழாயின் வாய் கதவு, ஜன்னலில் இருந்து பக்கவாட்டிலும் கீழேயும் 4 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. "குழாயை வெளியே விட்டாச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். வெளியே போன விஷம் பக்கத்து ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தால் யாருக்கு லாபம்?

அறைக்கு இரண்டு துவாரம் வேண்டும். ஒன்று தரையில் இருந்து ஓர் அடிக்குள். மற்றது கூரையில் இருந்து ஓர் அடிக்குள். கீழே உள்ளது காற்று உள்ளே வர. கியாஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், அதுவும் கீழ்த் துவாரம் வழியாகவே வெளியேறும். இந்தத் துவாரங்களுக்கு மூடி போடக் கூடாது. கம்பி வலை மட்டும் போதும்.

ஹீட்டருக்கு முன்னாலும் பக்கத்திலும் 3 அடிக்குள் திரைச்சீலை, மெத்தை, மரச் சாமான் எதுவும் கூடாது. கணப்பின் மேல் மரப்பலகை இருந்தால் அது எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று ஹீட்டர் கம்பெனியின் புத்தகம் சொல்லும். அதன்படி செய்ய வேண்டும். கண் அளவு உதவாது. ஈரத் துணியை ஹீட்டர் மேல் உலர்த்துகிறவர்கள் வீட்டையே உலர்த்தப் பார்க்கிறார்கள்.

சிலிண்டர் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும். லாட்ஜில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை மாட்டுவது சட்ட விரோதம். 19 கிலோ வர்த்தகச் சிலிண்டர்தான் வைக்க வேண்டும். ரப்பர் குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊதுவத்தி சோதனை

புகைபோக்கி இழுக்கிறதா என்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஓர் ஊதுவத்தி போதும்.

கதவு ஜன்னல்களைச் சாத்துங்கள். பாத்ரூமில் எக்சாஸ்ட் பேன் இருந்தால் அதையும் ஓட விடுங்கள். கணப்பை மூட்டி 10 நிமிடம் கழித்து, கணப்பு வாயின் மேல் விளிம்பு ஓரமாக ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. அறைப் பக்கம் திரும்பி வந்தால் உடனே அணையுங்கள். விஷமும் அந்த வழியாகத்தான் திரும்பி வருகிறது.

பேனை ஏன் ஓட விட வேண்டும்? அது அறைக் காற்றை வெளியே தள்ளும்போது அதற்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஜன்னல் மூடியிருந்தால் புகைபோக்கி வழியாகவே இறங்கி வரும். வரும்போது விஷத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

வேறு அடையாளங்களும் உண்டு. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் வழிகிறதா? கணப்புக்கு மேல் சுவரில் கரி படிகிறதா? அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்தால் விட்டுப் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்த அறையில் தூங்கக் கூடாது.

நெருப்பு மஞ்சளாக எரிந்தால் ஆபத்து, நீலமாக எரிந்தால் நல்லது என்பது சமையல் அடுப்புக்குச் சரி. பொய்க் கட்டை வைத்த அலங்காரக் கணப்பில் விறகுபோல் தெரிய வேண்டும் என்று நெருப்பை மஞ்சளாகவே செய்திருப்பார்கள். அங்கே நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"செலவு எதுக்குங்ணா?"

கணப்பு பொருத்த வரும் ஆளுக்கும் லாட்ஜ் மேனேஜருக்கும் நடக்கும் பேச்சு எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"ஏனுங்ணா, செவுத்துல ஓட்டை போட்டு பைப்பு வெளிய விடணுமுங்களா?"

"எதுக்குப்பா வீண் செலவு? ஓட்டை போட்டா குளிர்காத்து உள்ள வரும். டூரிஸ்ட்காரங்க சண்டைக்கு வருவாங்க. நீ சும்மா மாட்டிட்டுப் போ."

"நமக்கென்னங்ணா, நீங்க சொன்னா சரிதானுங்."

முடிந்தது கதை. மாட்டியவன் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவான். மேனேஜர் வாடகை வாங்கிக்கொள்வார். அறையில் தங்க வந்தவனுக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. அவன் பிள்ளைக்குக் குளிருகிறதே என்று ஜன்னலை இன்னும் இறுக்கமாகச் சாத்துவான். தகப்பன் பாசத்தோடு செய்கிற காரியமே பிள்ளைக்கு எமனாகிறது. அவனைக் குறை சொல்ல முடியுமா?

குற்றம் ஓட்டை போடாதவன் மேல்தான்.

"இத்தனை வருசமா வெச்சிருக்கோம், ஒண்ணும் ஆகலீங்களே" என்பார்கள். இத்தனை வருடம் ஜன்னல் இடுக்கில் காற்று வந்துகொண்டிருந்தது. மரச் சட்டம் சுருங்கியிருந்தது. கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தது. அதனால் பிழைத்தார்கள். இப்போது அலுமினிய ஜன்னல், ரப்பர் பட்டை, இறுக்கமான கதவு. பழைய கட்டிடத்தின் ஓட்டை ஒடிசல் காப்பாற்றியதைப் புதுக் கட்டிடம் காப்பாற்றாது.

பணக்காரன் என்றாலும் விடாது

இது ஏழை எளியவர்களுக்கு மட்டும் வருகிற ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 1977-ல் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் பட்டத்தை வென்ற அமெரிக்க வீரர் வைட்டாஸ் ஜெரூலைட்டிஸ். 1994 செப்டம்பரில் நியூயார்க் மாகாணத்தில் நண்பரின் மாளிகையில் விருந்தினர் வீட்டில் தங்கியிருந்தார். நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கியாஸ் ஹீட்டரை ஒழுங்காகப் பொருத்தவில்லை. அதில் இருந்து வந்த விஷம் அவர் தூங்கிய வீட்டுக்குள் புகுந்தது. 40 வயதில் செத்தார். ஹீட்டர் அவர் அறையில்கூட இல்லை!

அரண்மனை ஆனாலும் குழாயைச் சரியாக விடாவிட்டால் இதுதான் கதி.

கோவையில் பாத்ரூமுக்குள் கியாஸ் கெய்சர் மாட்டுகிறவர்களுக்கும் இதே பாடம்தான். பாத்ரூம் லாட்ஜ் அறையைவிடச் சின்னது. சீக்கிரமாகவே காற்று தீரும். குளிக்கப் போன ஆள் கதவைத் தட்டியும் திறக்கவில்லை என்றால் உடைத்துத்தான் பார்க்க வேண்டி வரும். கெய்சரை வெளிச் சுவரில் மாட்டிக் குழாயில் வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லை.

விரல் கருவி ஏமாற்றும்

கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டிப் பிராண வாயு பார்க்கும் கருவி இருக்கிறது. தலை சுற்றுகிறவர் விரலில் அதை மாட்டிப் பார்த்து, "98 காட்டுது, ஒண்ணுமில்லை, படுத்துக்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். ரத்தத்தில் இருப்பது பிராண வாயுவா, இந்த விஷமா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். செத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கும் நல்ல எண்ணைக் காட்டும்.

செய்ய வேண்டியது வேறு. கதவு ஜன்னலைத் திற. ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வா. ஹீட்டரை அணை. 108-க்கு போன் செய். ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு முழுப் பிராண வாயு கொடுத்தால், வெறும் காற்றில் 4, 5 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் விஷம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே பாதியாகும். "கியாஸ் ஹீட்டர் எரிந்த அறையில் படுத்திருந்தார்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிடலாம். திரும்ப அதே அறைக்குத்தான் வந்து படுப்பார்.

கியாஸ் வாடை வந்தால் அது வேறு சங்கதி. சுவிட்சைத் தொடாதீர்கள். சிலிண்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

இங்கிலாந்தில் கியாஸ் வேலை பார்க்கப் பதிவு பெற்ற ஆள்தான் வர முடியும். கண்டவன் கையை வைத்தால் குற்றம். வீட்டை வாடகைக்கு விடுகிறவர் வருடத்துக்கு ஒரு தடவை கியாஸ் சாமான்களைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். 2022 அக்டோபர் 1-ந்தேதியில் இருந்து, கியாஸ் ஹீட்டர் பொருத்திய வாடகை வீட்டு அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்தாக வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள். குளிர் நாட்டுக்காரர்கள் பல உயிரைப் பறிகொடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டார்கள். மலை ஊர்களில் அதே பாடத்தை மறுபடியும் பிணத்தை எண்ணித்தான் படிக்க வேண்டுமா?

அந்த அலாரம் உள்ளங்கை அளவு. பேட்டரியில் ஓடும். விஷம் சேர்ந்தால் கத்தி எழுப்பும். லாட்ஜில் ஒரு டி.வி. வாங்கும் காசுக்குப் பல அறைகளுக்கு அலாரம் வாங்கிவிடலாம். டி.வி. இல்லாவிட்டால் டூரிஸ்ட் திட்டுவார். அலாரம் இல்லாவிட்டால் திட்டக்கூட ஆள் இருக்காது!

லாட்ஜ், காட்டேஜ், வீட்டு விடுதி எதுவானாலும் ஆள் தூங்கும் அறையில் புகைபோக்கி இல்லாத கியாஸ் ஹீட்டரை அடியோடு தடை செய்ய வேண்டும். கரி அடுப்புக்கும் அதே தடை வேண்டும். பழைய கணப்பில் கியாஸ் வைத்தவர்கள் புகைபோக்கியைச் சோதித்துச் சான்று காட்டிய பிறகே அறையை வாடகைக்கு விட வேண்டும். லைசென்சு புதுப்பிக்க வரும்போது தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று கேட்கும் அதிகாரிகள், "துவாரம் எங்கே? குழாய் எங்கே முடிகிறது? அலாரம் எங்கே?" என்ற மூன்று கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சீசன் முடிந்து சம்பவம் நடந்த பிறகு வந்து சீல் வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

அதுவரை குளிருக்கு என்ன செய்வது? இன்னொரு கம்பளி கொடுங்கள். வெந்நீர்ப் பை கொடுங்கள். எண்ணெய் அடைத்த மின்சார ஹீட்டர் இருக்கிறது; அதில் எரிவது எதுவும் இல்லாததால் இந்த விஷம் வராது.

மலைக்குப் போகிறவர்களும் வாய் திறந்து கேட்க வேண்டும். சாவியை வாங்கும்போதே "கணப்பு எரிஞ்ச காத்து எந்த வழியா வெளிய போகுதுங்க?" என்று கேளுங்கள். ரூம் பையன் விழித்தால், "ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கோங்க சார்" என்று சமாளித்தால், கணப்பை மூட்டாதீர்கள். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுங்கள்.

குளிரில் பல் கிட்டிக்கும். ஆனால் பொழுது விடியும்போது பிள்ளைகள் எழுந்து டீ கேட்பார்கள்.